வெள்ளம் வடியவில்லை, பயம் வடிந்தது

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டது. கரை தொட்ட புயல் மளமளவென்று உள்நாட்டுக்குள் போய்க் கரைந்துவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது போகவில்லை. மணிக்கணக்காக ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாகியிருந்தது. விழுப்புரம் மாவட்டம் ஓராண்டு முழுக்கப் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி அது. அடுத்த இரவில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறியது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் நெருங்க, ரயில்கள் நின்றன.

அப்படி ஓர் இரவைக் கடந்த எவருக்கும் ஒரு விஷயம் பழகியிருக்கும். மின்சாரம் இல்லை. வாசலில் இருக்கும் மூன்று படிகளில் இரண்டு மூழ்கிவிட்டன. வீட்டில் ஒற்றையாளாக உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, சுவரில் பல்லி நகர்ந்தாலும் தூக்கிவாரிப்போடுகிறது. அப்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து டார்ச் வெளிச்சம் விழுகிறது. "அத்தை, முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? தண்ணி ஏறுனா ஒரு குரல் குடுங்க, வந்து தூக்கிட்டுப் போறோம்" என்று யாரோ கத்துகிறார்கள். அந்தக் குரலைக் கேட்ட நொடியில் உடம்பு தளர்கிறது. மழை விடவில்லை. தண்ணீர் ஒரு விரற்கடைகூட வடியவில்லை. பயம் மட்டும் எப்படி வடிந்தது?

மனதைத் தேற்றும் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நாடித்துடிப்பிலும் வியர்வையிலும் மூளைப் படத்திலும் அளக்கக்கூடிய மாற்றம் இது. இதைப் புரிந்துகொள்ள முதலில் பயம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் எட்டு உணர்ச்சிகளுக்கு வைத்த பொதுப்பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உடம்பில் படுவது, உடம்பில் தெரிவது என்று பொருள். அச்சமும் அந்த எட்டில் ஒன்று. உணர்ச்சியை உள்ளத்துக்குள் பூட்டிய ரகசியமாகக் கருதாமல் உடம்பின் நிகழ்வாகப் பார்த்த பார்வை அது. மேற்கே வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர், உடம்பின் நடுக்கத்தை மனம் உணர்வதுதான் பயம் என்று எழுதியது 1884இல். எது முந்தியது என்ற பெருமைப் பேச்சு இங்கே தேவையில்லை. உடம்பிலிருந்து தொடங்குவது நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து தெற்கே வரும் பேருந்து திண்டிவனத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் போக இரண்டு வழிகள் உண்டு. விக்கிரவாண்டி வழியாக நேரே போகலாம். புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து சுற்றிக்கொண்டும் வரலாம். ஏறக்குறைய இரு மடங்கு தூரம். மூளையின் நடுவேயும் தலாமஸ் என்று அப்படியொரு சந்திப்பு இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் அங்கே வந்துதான் பிரிகின்றன. ஒரு கிளை நேர்வழியில், வாதுமைக் கொட்டை அளவே உள்ள அமிக்டலா என்ற பகுதிக்கு ஓடுகிறது. இன்னொன்று மூளையின் மேலுறையான புறணிக்குப் போய், 'இது என்ன சத்தம், இதற்கு முன் கேட்டிருக்கிறோமா' என்று விசாரித்துவிட்டுத் தாமதமாக அமிக்டலாவுக்கு வருகிறது. நேர்வழிச் செய்தி மங்கலானது, ஆனால் வேகமானது. அதனால்தான் தாம்புக்கயிற்றைப் பார்த்ததும் முதலில் கால் பின்வாங்குகிறது. கயிறுதான் என்ற அறிவு பிறகு வருகிறது.

இது எப்படித் தெரிந்தது? 1980களில் ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியலாளர் எலிகளுக்கு ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து, கூடவே மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார். சில தடவைக்குப் பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். பிறகு அவர் எலியின் மூளையில் ஒலியை அலசும் புறணிப் பகுதியைச் சேதப்படுத்தினார். அப்போதும் எலி அந்தச் சத்தத்துக்குப் பயப்படக் கற்றது. தலாமஸில் ஒலிக்கான பகுதியைச் சேதப்படுத்தியபோது மட்டும் கற்கவில்லை. சுற்றுப்பாதை அடைபட்டாலும் நேர்வழி வேலை செய்கிறது. சந்திப்பே போனால் இரண்டும் இல்லை. பின்னாளில் லெடூ தம் பேச்சைத் தாமே திருத்திக்கொண்டார். அமிக்டலாவைப் 'பயத்தின் இருப்பிடம்' என்று சொல்வது தவறு. ஆபத்துக்கு உடம்பு காட்டும் தற்காப்பைத் தூண்டிவிடும் விசை அது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற உணர்வு முழு மூளையும் சேர்ந்து நெய்வது என்றார்.

அந்தத் திருத்தத்துக்கு வலுச் சேர்த்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஆய்வுலகம் அவரை எஸ்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறது. அரிய மரபு நோய் ஒன்று அவர் மூளையின் இரு பக்கத்து அமிக்டலாவையும் அழித்துவிட்டது. பாம்பைக் கையில் எடுத்து ஆர்வத்தோடு தடவினார். பேய்ப் படங்கள் அவரை அசைக்கவில்லை. ஆய்வாளர்கள் எவ்வளவு முயன்றும் அவருக்குப் பயம் காட்ட முடியவில்லை. பிறகு 2013இல் வெளியான ஆய்வில் 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். அவருக்குத் திகில் பிடித்துக்கொண்டது. முகமூடியை எடுக்கச் சொல்லிக் கையை வீசி உதவி கேட்டார். அதே பாதிப்புள்ள வேறு இருவருக்கும் அப்படியே நேர்ந்தது. மூச்சு முட்டும் பயத்துக்கு அமிக்டலா தேவையே இல்லை. வெளியிலிருந்து வரும் பயத்துக்கு ஒரு வாசல், உடம்பின் உள்ளிருந்து வரும் பயத்துக்கு வேறொரு வாசல். இரண்டாவது வாசலின் தாழ்ப்பாள் மூச்சில் இருக்கிறது.

மூச்சு வழியாகப் பயம் உள்ளே வர முடியுமென்றால் வெளியே போகவும் முடியுமா? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தால் துடிப்பு சற்று விரைவதும், மெதுவாக விட்டால் தணிவதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று சுற்றும் நீண்ட நரம்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வேகஸ். லத்தீனில் அலைவது என்று பொருள். தமிழில் அலைநரம்பு எனலாம். இதயத்துக்கு அது ஒரு பிரேக். மூச்சை விடும்போது பிரேக் அழுந்துகிறது, இழுக்கும்போது தளர்கிறது. மூச்சு நீண்டு மெதுவாக வெளியேறும்தோறும் பிரேக் கூடுதல் நேரம் அழுந்தியிருக்கிறது. துடிப்பு இப்படிக் கூடிக் குறைவதை இதயத்துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். மாறுபாடு அதிகம் என்றால் பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்.

இத்தாலியின் பவியா நகரைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் ஓர் அழகான முடிவை வெளியிட்டது. 23 பேரை லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபமாலை சொல்லவைத்தார்கள். அதே ஆட்களைத் திபெத்திய பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்குத் தானாக இறங்கியது. இதயமும் இரத்த ஓட்டமும் அந்தத் தாளத்தோடு இசைந்து போயின. இரண்டு மதங்கள், இரண்டு மொழிகள், ஒரே மூச்சு. மயிலம் முருகன் கோயில் படியில் உட்கார்ந்து முணுமுணுக்கும் பாட்டிக்கும், தொட்டிலை ஆட்டியபடி தாலாட்டை இழுத்துப் பாடும் தாய்க்கும் இந்தக் கணக்கு தெரியாது. ஒரு வரியை ஒரே மூச்சில் நீட்டிச் சொல்லும் பழக்கம் அவர்களிடமும் இருக்கிறது.

ஆனால் எதிர்வீட்டுக் குரலின் புதிர் இதனால் முழுதும் அவிழவில்லை. அந்த அத்தை மூச்சுப் பயிற்சி எதுவும் செய்யவில்லை. ஒரு குரலைக் கேட்டார், அவ்வளவே.

2006இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் திருமணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தார்கள். கணுக்காலில் மின்முனை. ஒரு குறி தோன்றினால் மின்னதிர்ச்சி வரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை தனியாக, ஒருமுறை முன்பின் தெரியாத ஓர் ஆண் கையைப் பிடித்திருக்க, ஒருமுறை கணவர் கையைப் பிடித்திருக்க, மூன்று விதமாகப் படம் எடுத்தார்கள். தனியாக இருந்தபோது ஆபத்தைக் கவனிக்கும் பகுதிகள் மிகுதியாக வேலை செய்தன. அந்நியரின் கை சற்றுத் தணித்தது. கணவரின் கை மிகுதியாகத் தணித்தது. வெறும் 16 பேர் என்பதை மறந்துவிடக் கூடாது. இவ்வளவு சிறிய குழுவில் வரும் முடிவைத் தராசில் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் நிறுக்க வேண்டும்.

அதில் எதிர்பாராத ஒன்று இருந்தது. துணையின் கை என்ன செய்யும் என்று யோசித்தால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் புறணிப் பகுதிக்குத் தெம்பூட்டும், அது பயத்தை அடக்கும் என்றுதான் தோன்றும். படத்தில் அந்த அடக்கும் பகுதியும் சேர்ந்தே ஓய்ந்திருந்தது. பயத்தை யாரும் அடக்கவில்லை. அடக்குவதற்கு அவ்வளவு பயம் எழவே இல்லை.

நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்போம். தலையில் விறகுக்கட்டோடு நடந்து வருபவர் குனியாமல், யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைக்க, தலை உயரத்துக்கு நிறுத்திய கல். அந்தக் கல் யாருக்கும் பலம் தருவதில்லை. சுமையைத் தான் வாங்கிக்கொள்கிறது. பிடித்த கை மூளைக்குச் செய்வதும் அதுதான் என்று கோன் பிறகு ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். தமிழில் அதைத் துணை இயல்புநிலைக் கோட்பாடு எனலாம். மீனுக்குத் தண்ணீர் போல மனித மூளைக்குச் சக மனிதர் சூழ்ந்திருப்பதே இயல்பு. துணை என்பது மேலதிகமாகக் கிடைக்கும் சலுகையன்று. தனிமையில்தான் மூளை கூடுதலாகச் செலவு செய்கிறது. சுற்றிலும் காவல் பார்க்க வேண்டும், தப்பும் வழியைத் தானே யோசிக்க வேண்டும், தண்ணீர் ஏறினால் தானே நீந்த வேண்டும். எதிர்வீட்டுக் குரல் வந்ததும் இந்தக் கணக்கு மாறுகிறது. 'வந்து தூக்கிட்டுப் போறோம்' என்பதை மூளை இரண்டு கால்களும் இரண்டு கைகளும் கூடுதலாகக் கிடைத்ததாக வரவு வைக்கிறது.

செஞ்சி ராஜகிரியை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு ஆய்வு பிடிக்கும். 2008இல் சிமோன் ஷ்னால் குழு, ஒரு மேட்டின் அடியில் ஆட்களை நிறுத்தி அதன் செங்குத்தை மதிப்பிடச் சொன்னது. நண்பரோடு நின்றவர்களுக்கு மேடு சற்றுச் சாய்வாகத் தெரிந்தது. தனியாக நின்றவர்களுக்குக் கூடுதல் செங்குத்தாகத் தெரிந்தது. நட்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு சாய்வு. கண் உண்மையிலேயே அப்படிப் பார்த்ததா, ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அப்படிச் சொன்னார்களா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. அன்பைப் பற்றிய ஆய்வுகளை விரும்புகிறவர்கள்தான் அவற்றைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும். பிடித்தமான முடிவு என்பதற்காகச் சலுகை காட்டினால் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

இதுவரை பார்த்தது ஓர் உடம்பு, ஒரு வீடு. ஊரே பயந்திருக்கும் காலத்தில் வேறொன்று சேர்ந்துகொள்கிறது. அது வதந்தி.

தமிழில் 'ஆம்' என்றொரு விகுதி இருக்கிறது. 'அணை உடைஞ்சிடுச்சாம்.' நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்ற பொறுப்பை அந்த ஒற்றை ஒலி சுமக்கிறது. எத்தனையோ மொழிகளில் இதற்குத் தனி வாக்கியமே வேண்டும். வதந்தி பரவும்போது முதலில் உதிர்வது இந்த 'ஆம்'தான். முதல் ஆள் 'உடைஞ்சிடுச்சாம்' என்கிறார். மூன்றாவது ஆள் 'உடைஞ்சிடுச்சு' என்கிறார். ஐந்தாவது ஆளின் வாட்ஸ்அப்பில் வேறு ஏதோ நாட்டு அணையின் காணொளி சேர்ந்துவிடுகிறது.

இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் இந்தியர்கள் இருக்கிறார்கள் என்பது நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டிய செய்தி. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெருநிலநடுக்கம் குலுக்கியது. ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளைத் திரட்டி 1935இல் வெளியிட்டார். பெருவெள்ளம் புறப்பட்டுவிட்டது, கடும் புயல் வரப்போகிறது, இன்ன நாள் இன்னும் கொடியதாக இருக்கும் என்பவை போன்ற பேச்சுகள். விந்தை என்னவென்றால், இவை உலவிய இடத்து மக்கள் அதிர்வை உணர்ந்தவர்களே தவிர, வீடிழந்தவர்களோ பிணங்களைப் பார்த்தவர்களோ அல்லர். பல ஆண்டுகள் கழித்து துர்கானந்த் சின்ஹா என்ற இன்னொரு இந்திய உளவியலாளர் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் பேச்சுகளைத் திரட்டினார். அவர் பார்த்தது பேரழிவின் நடுவிலேயே இருந்தவர்களை. அங்கே 'இன்னும் மோசமானது வருகிறது' என்ற வகை மிகைப் பேச்சு அவ்வளவாக இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர். பாதிப்பே இல்லாதவர்கள் ஏன் தங்களைத் தாங்களே பயமுறுத்திக்கொள்கிறார்கள்? அவர் தந்த விளக்கம் இது: நெஞ்சு படபடக்கிறது, ஆனால் சுற்றிப் பார்த்தால் சுவரில் விரிசல்கூட இல்லை. உடம்பு ஒன்று சொல்கிறது, கண் இன்னொன்று சொல்கிறது. இந்த முரண் தாங்க முடியாதது. பயம் உடனே போகாது; ஆகவே பயத்துக்கேற்ற காரணத்தை மனம் தேடுகிறது. கிடைக்காவிட்டால் உண்டாக்குகிறது. நிலச்சரிவின் நடுவில் இருந்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. காரணம் கண்ணெதிரே கிடந்தது. இந்தப் புதிரிலிருந்து கிளைத்து 1957இல் அவர் நூலாக எழுதியதுதான் உளவியலில் புகழ்பெற்ற அறிவு முரண்பாட்டுக் கோட்பாடு. பீகாரின் வதந்திகள் அதற்கு வித்து.

அப்படியென்றால் வதந்தி பரப்புகிறவரை முட்டாள் என்று திட்டுவதில் பயன் குறைவு. அவர் பொய்யை விரும்பவில்லை. தம் படபடப்புக்குத் துணை தேடுகிறார். 'ஃபார்வர்டு' பொத்தானை அழுத்தும் விரலும், இருட்டில் இன்னொருவர் கையைத் தேடும் விரலும் ஒரே தவிப்பிலிருந்துதான் நீள்கின்றன. முதலாவது பயத்தைப் பெருக்குகிறது, இரண்டாவது குறைக்கிறது. நள்ளிரவில் செய்தியை அனுப்பும் முன் அந்த எண்ணை ஒருமுறை அழைத்து 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் போதும். உடலியலின் கணக்கில் அது பெரிய மாற்றம்.

இனி வருவது கடினமான பகுதி. தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கடைசி இரண்டும் மனிதர்கள். இறை என்பது தலைவரையும் அரசரையும் குறிக்கும். வெள்ளத்தில் பக்கத்து மனிதர் மருந்து. மனிதரே காரணமாகும் பயத்தில்?

1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த சாதி வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று வருவாய்த் துறையினர் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின், 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே சென்று வழிபட முடிந்தது. இத்தகைய இடத்தில் 'அச்சத்தை விடுங்கள், அன்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் அது அடிபட்டவரின் காதில் எப்படி விழும்? அவருடைய அமிக்டலா தவறு செய்யவில்லை. அது சரியாக நினைவு வைத்திருக்கிறது. அவர் பயத்தைப் பயிற்சியால் தணிக்க முனைவதற்கு முன், பயத்தின் காரணத்தை நீக்க வேண்டியது சட்டத்தின் பொறுப்பு, ஊரின் பொறுப்பு.

அன்பு தானாகவே எல்லாரையும் அணைக்கும் என்பதும் அறிவியல் ஒப்பாத நம்பிக்கை. தாய் குழந்தையை அணைக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசினை 'அன்புச் சுரப்பு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ குழு 2010 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், அதை மூக்கில் தெளித்தபோது தன் குழுவினர் மீது பரிவு கூடியது. வெளிக்குழு மீது அது பரவவில்லை, சில சோதனைகளில் தன் குழுவுக்குச் சாய்வே மிகுந்தது. மூக்கில் தெளிக்கும் முறை மீதே பின்னர் ஐயங்கள் எழுந்ததால் இதையும் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் கலவரங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. தன் தெருவின் மீதுள்ள அளவற்ற அன்பே அடுத்த தெருவின் மீது கல்லாக விழுந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆகவே கேள்வி கூர்மையாகிறது. பிடித்த கை யாருடைய கை? மூளை யாரைத் 'துணை' என்று வரவு வைக்கிறது? அந்தப் பட்டியலை நீட்ட முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், பிரிந்து கிடக்கும் குழுக்கள் சந்தித்தாலே வெறுப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், நான்கு நிபந்தனைகளை வைத்தார். சந்திப்பவர்கள் சமமானவர்களாக நிற்க வேண்டும். பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமோ அதிகாரமோ அந்தச் சந்திப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். 2006இல் தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா டிராப் இருவரும் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சந்திப்பு வெறுப்பைக் குறைத்திருந்தது. ஏன் குறைந்தது என்று 2008இல் மேலும் தோண்டினார்கள். மற்றவரைப் பற்றிய தகவல் கூடியதால் குறைந்தது மிகக் கொஞ்சம். மற்றவர் அருகில் இருக்கும்போது ஏற்படும் பதற்றம் தணிந்ததாலும், அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்ததாலும் குறைந்ததே அதிகம். வெறுப்பின் அடியில் அறியாமையைவிட அச்சம்தான் கனத்துக் கிடந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு சோதனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பொருளியலாளர் மேட் லோவ் வாரணாசிப் பகுதியில் 1,261 இளைஞர்களைச் சேர்த்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. சிலரைக் குலுக்கல் முறையில் பல சாதியும் கலந்த அணிகளில் போட்டார். சிலரைத் தம் சாதி அணிகளிலேயே விட்டார். ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்புகள் கூடின. எதிரணியில் மட்டுமே மற்ற சாதியாரைப் பார்த்தவர்களிடம் அவை குறைந்தன. அதே மைதானம், அதே பந்து, அதே வெயில். ஒருவர் ஓட இன்னொருவர் 'வா, வா' என்று கத்தும் உறவு ஒன்று. ஸ்டம்ப் தெறிக்கும்போது கை தட்டும் உறவு இன்னொன்று.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பக்கம், வானூரை ஒட்டிய கொழுவாரியில் 2022 ஏப்ரல் 5 அன்று பெரியார் நினைவு சமத்துவபுரம் ஒன்று திறக்கப்பட்டது. 100 வீடுகள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் கணக்கு, 40 வீடுகள் ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீடுகள் சாதிவாரியாக ஒதுங்காமல் கலந்தே அமைய வேண்டும், பொது இடங்கள் எல்லாருக்கும் பொது என்பது விதி. ஆல்போர்ட்டின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டால், சமநிலையும் அதிகாரத்தின் ஆதரவும் இதில் உண்டு. சேர்ந்து உழைக்க ஒரு பொதுக் குறிக்கோள் மட்டும் சுவர் எழுப்புவதால் வந்துவிடாது. அது தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலும் பள்ளிக்கூடக் கோரிக்கையிலும், புயல் இரவிலும் உருவாக வேண்டும்.

பரிவை ஒரு பயிற்சியாக வளர்க்க முடியுமா என்பதற்கும் ஆய்வு நடந்திருக்கிறது. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழு, பிறர் துன்பத்தை அப்படியே தன்னுள் உணரும் உடன்வருந்தலையும், அவர் நலம்பெற வேண்டும் என்ற பரிவையும் பிரித்துப் பார்த்தது. உடன்வருந்தல் மட்டும் பழகியவர்கள் சோர்ந்தார்கள். பிறகு பரிவைப் பழகியபோது அதே துயரக் காட்சிகளுக்கு நடுவிலும் மனம் தெம்பாக இருந்தது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. நிவாரண வேலைக்குப் போகிறவர்கள் நான்காம் நாள் துவண்டு விழுவதும், சிலர் மட்டும் நாற்பதாம் நாளும் சோறு பொங்குவதும் ஏன் என்பதற்கு இது ஒரு துப்பு. விழுப்புரம் 1993 வரை பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே தென்னாற்காட்டு வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பிறர் பசியைக் கண்டு பதைத்த ஒருவர் அந்தப் பதைப்பை அடுப்பாக்கினார். உடன்வருந்தல் பரிவாக மாறிய இடத்தைக் காட்டச் சொன்னால் அந்த அடுப்பைக் காட்டலாம்.

மரக்காணம் கடற்கரை ஊர்களில் புயல் எச்சரிக்கை வந்தால் மக்களைப் பாதுகாப்பு மையங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அழைத்துப் போகிறார்கள். ஒரே கூடம், ஒரே அண்டா, ஒரே விளக்கு. அங்கே ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் எல்லாமே கைகூடலாம். கைகூடாமலும் போகலாம்: 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்ட நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. ஒரே வெள்ளத்துக்குத் தப்பி ஒரே கூரைக்கு வந்தவர்களுக்கு நடுவிலும் கோடு விழ முடியும். அந்தக் கூடத்தில் இரவு விளக்கைத் தணிக்கும் முன் பாய்கள் விரிக்கப்படுகின்றன. யார் பாய்க்குப் பக்கத்தில் யார் பாய் என்பதைப் பெரும்பாலும் யாரும் உத்தரவிடுவதில்லை. கையில் பதிவேட்டோடு நிற்கும் கிராம நிர்வாக அலுவலர் அங்கே இருக்கிறார், முதலில் வந்து சுவரோரம் இடம்பிடித்த குடும்பம் இருக்கிறது, நனைந்த பையோடு கடைசியாக உள்ளே வந்த அத்தை இருக்கிறார். "இங்க வாங்க, இங்க இடம் இருக்கு" என்று கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார் யாரோ ஒருவர்.